குறைசக்தி ஸ்பானிஷ் சேனலை இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 மார்ச் 2024
அமெரிக்காவில் ஊருக்கு ஊர் குறைசக்தி டிவி நிலையங்கள் இருக்கின்றன. அதில் நிறைய ஸ்பானிஷ். கையில் போன் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. இன்னும் ஆன்டெனா வைத்து இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அந்த அலைவரிசையையும் செல்போன் கம்பெனிகளுக்கே கொடுத்துவிட்டால் என்ன?

2 மார்ச் 2024, இரவு
எங்கள் கீழ்வீட்டு அம்மா பார்க்கிறார்.

சான் அன்டோனியோவின் தெற்குப் பக்கத்தில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். கீழ்வீட்டில் இருப்பவர் மெக்சிகோவின் கோவாவீலா மாநிலத்திலிருந்து வந்தவர், எழுபது தாண்டியவர். நான் அவரை சென்யோரா என்பேன். அவர் என்னை மிஹோ என்பார், 'என் மகனே' என்று அர்த்தம். வீட்டில் கேபிள் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. சமையலறை சன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிய தட்டை ஆன்டெனா ஒன்று உண்டு. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே டிவியும் ஓட ஆரம்பித்துவிடும்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்கப் பனிப்புயல் அடித்தபோது எங்களுக்குக் கரன்ட் போய்ப் போய் வந்தது. வீட்டு இன்டர்நெட் செத்துவிட்டது. போனில் சிக்னல் காட்டும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. 17ஆம் தேதி, குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று நகரத்தில் அறிவித்தார்கள். சென்யோரா மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார். "தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மிஹோ" என்றார். கரன்ட் வந்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன சேனலில் பார்த்திருக்கிறார். என் போனுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தது மறுநாள் மதியம். அதற்குள் நான் ரெண்டு டம்ளர் பச்சைத் தண்ணீர் குடித்திருப்பேன். அவர் ஏறி வந்ததால் குடிக்கவில்லை.

யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை. இந்த ஒரு ஆள் இருக்கிறார்.

3 மார்ச் 2024
குறைசக்தி என்றால் என்ன என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1982இல் இந்த வகை லைசென்ஸை உருவாக்கியது. அதற்கு முன்னால் மலைக்குப் பின்னால் இருக்கும் ஊர்களுக்குப் பெரிய நிலையத்தின் படத்தை வாங்கி அப்படியே மறுபடி விடும் அஞ்சல் கருவிகள்தான் இருந்தன. 1982 விதி கொண்டுவந்த புதுமை, சின்ன நிலையமும் சொந்தமாக நிகழ்ச்சி தயாரித்து விடலாம் என்பது. காசில்லாதவர்கள், சின்னச் சமூகங்கள், பெரிய நிலையம் எட்டிப்பார்க்காத மொழிகள் எல்லாம் உள்ளே வர அது ஒரு வாசல். ஸ்பானிஷ்காரர்கள் அந்த வாசல் வழியாக நிறையவே வந்தார்கள்.

அளவு: யு.எச்.எஃப். பட்டையில் (14ஆம் எண்ணிலிருந்து மேலே உள்ள டிவி சேனல்கள்) பெரிய நிலையம் 1000 கிலோவாட் வரை போகலாம், குறைசக்தி நிலையம் 15 கிலோவாட் வரை. வி.எச்.எஃப். (2 முதல் 13 வரை) என்றால் 3 கிலோவாட். பெயரைப் பார்த்தாலே வகை தெரியும். கடைசியில் எல்.டி. என்று இருந்தால் குறைசக்தி. சி.டி. என்றால் 'ஏ வகுப்பு', கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு உள்ள குறைசக்தி வகை, அதைப் பற்றி அப்புறம்.

3 மார்ச் 2024, கொஞ்ச நேரம் கழித்து
மேலே சொன்ன 15 கிலோவாட் என்பது கருவி தின்னும் சக்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் அப்படித் தொனிக்க எழுதிவிட்டேன். அது விளைவுத்திறன். டவர் மேலே இருக்கும் ஆன்டெனா சக்தியைப் பக்கவாட்டில் குவித்து அனுப்புவதால் கிடைக்கும் கணக்கு. கீழே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அதில் ஒரு சின்னப் பங்கைத்தான் கொடுக்கிறது. அதனால்தான் ஒரு ரேக் அலமாரிக்குள் அடங்கும் கருவியை வைத்து ஒரு நகரத்தின் பாதிக்குப் படம் காட்ட முடிகிறது.

5 மார்ச் 2024
சக்தி குறைவு என்பதைவிடப் பெரிய விஷயத்தை விட்டுவிட்டேன். இந்த லைசென்ஸ் இரண்டாம் நிலை லைசென்ஸ். பெரிய நிலையத்துக்குக் குறைசக்தி நிலையம் இடைஞ்சல் செய்யக்கூடாது. பெரிய நிலையம் இதற்கு இடைஞ்சல் செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு உன் சேனல் எண் தேவைப்பட்டால் நீ வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும், இடம் கிடைக்காவிட்டால் மூட வேண்டும். புறம்போக்கில் வீடு கட்டி இருபது வருடம் வரி கட்டியவரின் நிலைமைதான்.

யு.எச்.எஃப். ஒரு காலத்தில் 83ஆம் எண் வரை இருந்தது. பிறகு 69, பிறகு 51. இப்போது 36இல் முடிகிறது. ஆற்றங்கரை வயல் மாதிரி ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் போனது. கேள்வி கேட்டவர் 'செல்போன் கம்பெனிகளுக்கே கொடுத்துவிட்டால் என்ன' என்கிறாரே, கொடுத்தாயிற்று ஐயா. 2017இல் முடிந்த ஏலத்தில் 38 முதல் 51 வரை போனது. ஏலத்தொகை சுமார் 1,980 கோடி டாலர். தங்கள் அலைவரிசையை விற்கும் உரிமை பெரிய நிலையங்களுக்கும் ஏ வகுப்புக்கும் மட்டும்தான் இருந்தது. சாதாரணக் குறைசக்தி நிலையத்துக்கு ஒரு காசு கிடையாது. இடம் மாறும் செலவுக்குக்கூட முதலில் வழி வைக்கவில்லை. 2018இல் நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட்டு 15 கோடி டாலர் ஒதுக்கிய பிறகுதான் புது ஆன்டெனா, புது கேபிள் வாங்க ஏதாவது கிடைத்தது.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மறைக்கவில்லை.

6 மார்ச் 2024
நேற்றைய கோபம் கொஞ்சம் அதிகமோ என்று காலையில் யோசித்தேன். செல்போனுக்கு அலைவரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சென்யோராவின் பேரன் போனில்தான் பாட்டியோடு பேசுகிறான். ஆனால் எல்லாரையும் நகர்த்தும்போது யார் செலவில் நகர்த்துகிறோம் என்ற கேள்வி கடைசியில் எழக்கூடாது. அவ்வளவுதான் என் வாதம்.

9 மார்ச் 2024
இன்று சனிக்கிழமை, நேரம் இருக்கிறது. பழைய கதை ஒன்று.

அமெரிக்காவில் ஸ்பானிஷ் டிவியின் தொட்டில் எங்கள் சான் அன்டோனியோதான். மெக்சிகோவில் பிறந்து இங்கே வந்த ராவுல் கோர்டெஸ் 1946இல் கே.சி.ஓ.ஆர். என்ற ஸ்பானிஷ் வானொலியை ஆரம்பித்தார். 1955இல் அதே பெயரில் டிவி, சேனல் 41. அது யு.எச்.எஃப். எண். அன்றைக்கு வீட்டில் இருந்த பெட்டிகளில் பெரும்பாலானவை 2 முதல் 13 வரைதான் பிடிக்கும். 41 வேண்டுமென்றால் தனியாக ஒரு மாற்றுப்பெட்டி வாங்கி இணைக்க வேண்டும். இருப்பதிலேயே காசு குறைந்த ஜனங்கள்தான் தங்கள் மொழியைக் கேட்க மேற்கொண்டு காசு கொடுத்தார்கள்.

எல்லாப் பெட்டியிலும் யு.எச்.எஃப். பிடிக்க வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1962இல், கடைக்கு வரும் பெட்டிகளில் அது நடைமுறைக்கு வந்தது 1964இல். கோர்டெஸ் அதற்கு முன்பே, 1961இல், நிலையத்தை விற்றுவிட்டார். வாங்கிய கூட்டத்தில் மெக்சிகோவின் ஒளிபரப்புப் பெருமுதலாளி எமிலியோ அஸ்காராகாவும் இருந்தார். நிலையத்தின் பெயர் கே.டபிள்யூ.இ.எக்ஸ். ஆனது. அந்தக் கூட்டத்தின் நிலைய வரிசைதான் பிற்பாடு யூனிவிசியன் என்ற பெரிய ஸ்பானிஷ் டிவி வலையமைப்பு ஆயிற்று. சேனல் 41 என்ற எண் இன்றைக்கும் இங்கே டிவியில் வருகிறது.

கே.சி.ஓ.ஆர். குறைசக்தி நிலையம் இல்லை, அது முழு லைசென்ஸ். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்பானிஷுக்குக் கிடைத்தது என்றைக்கும் எட்டுவதற்குக் கஷ்டமான மூலை அலைவரிசைதான். குறைசக்தி நிலையங்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

10 மார்ச் 2024
ஒருவர் தனிச்செய்தியில் '2009லேயே பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுபோச்சே' என்றார். பெரிய நிலையங்களுக்கு 12 ஜூன் 2009. ஏ வகுப்புக்கு 1 செப்டம்பர் 2015. குறைசக்திக்கு 13 ஜூலை 2021. பனிப்புயல் அடித்த அந்த பிப்ரவரியில் நாட்டில் சில குறைசக்தி நிலையங்கள் இன்னும் அனலாக்கில்தான் இருந்தன.

16 மார்ச் 2024
எழுத எழுத என் பழைய நினைவு ஒன்று குறுக்கே வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் தூர்தர்ஷனின் எல்.பி.டி. டவர் வந்தது. குறைசக்தி ஒளிபரப்பு நிலையம். டவரைப் பார்க்கச் சைக்கிளில் போனோம். கம்பிவேலி, ஒரு சின்னக் கட்டடம், டிஷ், காவல்காரர். உள்ளே ஸ்டுடியோ இருக்கும், நம் ஊர்ச் செய்தி வரும் என்று அப்பாவிடம் சொன்னேன். உள்ளே ஸ்டுடியோ இல்லை. டெல்லியில் இருந்து வருவதை வாங்கி விடும் வேலைதான். எங்கள் ஊர் ஏரி உடைந்த அன்றும் டிவியில் டெல்லிச் செய்திதான் ஓடியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2ஆம் தேதியிலிருந்து நான் 'குறைசக்தி ஸ்பானிஷ் நிலையம்' என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். அது சரியில்லை. இங்கேயும் பல குறைசக்தி நிலையங்கள் எங்கோ இருந்து வரும் ஸ்பானிஷ் ஊட்டத்தை, அதாவது தயாராக அனுப்பப்படும் நிகழ்ச்சி வரிசையை, வாங்கி விடுவதோடு சரி. ஒரு முதலாளி எத்தனை குறைசக்தி நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், உச்சவரம்பு இல்லை. டிஜிட்டலில் ஒரே அலைவரிசைக்குள் ஐந்தாறு துணைச் சேனல்களை அடைக்கலாம். அதனால் சிலர் ஊர் ஊராக லைசென்ஸ் வாங்கி, துணைச் சேனல்களைக் கடை விளம்பர நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இருக்காது.

ஆகவே என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். டவர் பக்கத்தில் இருப்பது போதாது. மைக் முன்னால் உட்காரும் ஆளும் அந்த ஊரில் இருக்க வேண்டும்.

23 மார்ச் 2024
போன வாரம் எழுதியதை வைத்துத் தூங்க முடியவில்லை. காரணம் சரகோசா.

ஐ-10 சாலையில் மேற்கே எல் பாசோ போகும் வழியில் பால்மோரியா என்ற இடத்தில் ஊற்றுத்தண்ணீரில் ஒரு பெரிய நீச்சல்குளம் இருக்கிறது. அதற்குப் பக்கத்துச் சின்ன ஊர் சரகோசா. சில நூறு பேர், கிட்டத்தட்ட எல்லாரும் மெக்சிகோ வம்சாவளி. 22 மே 1987 சாயங்காலம் அங்கே குவாடலூப்பே மண்டபத்தில் பாலர் வகுப்பு முடித்த நாலு வயதுக் குழந்தைகளுக்கு விழா. சுழற்காற்று அந்த மண்டபத்தின் மேலேயே வந்தது. ஊரில் மொத்தம் 30 பேர் இறந்தார்கள், அதில் 22 பேர் அந்த மண்டபத்துக்குள். பெற்றோர் குழந்தைகள்மேல் கவிழ்ந்து படுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சுழற்காற்று வருவது வானிலை மையத்துக்குத் தெரிந்திருந்தது, ஆங்கிலத்தில் எச்சரிக்கை போயிருந்தது. பிறகு ஆராய்ந்தவர்கள் முக்கியமாகச் சொன்ன ஒன்று: அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பார்த்தது தேசிய ஸ்பானிஷ் ஊட்டம். அது நாடு முழுமைக்கும் ஒன்றே, அதற்குள் சரகோசாவுக்கான எச்சரிக்கையைச் செருக யாரும் இல்லை. டிவி அவர்கள் மொழியில்தான் பேசிக்கொண்டிருந்தது.

நான் அந்தக் குளத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், குழந்தைகளோடு. இரண்டாவது முறைதான் இந்தக் கதை தெரியும். அன்று தண்ணீரில் இறங்க மனம் வரவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

24 மார்ச் 2024
சரகோசாவுக்கு ஒரு பின்குறிப்பு, மொழி பற்றியது. ஆங்கிலத்தில் 'வாட்ச்' என்றால் வரக்கூடும், கவனமாக இரு. 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, ஓடு. அமெரிக்க வானிலைத் துறை ஸ்பானிஷில் முதலாவதை விகிலான்சியா என்கிறது, இரண்டாவதை அவிசோ என்கிறது. சிக்கல் என்னவென்றால் அவிசோ என்பது சாதாரணப் பேச்சில் வெறும் 'அறிவிப்பு'. கடைக் கதவில்கூட ஒட்டியிருக்கும். சென்யோராவிடம் கேட்டேன். "அவிசோ என்றால் நான் எழுந்திருக்க மாட்டேன், அந்தப் பெண் குரலை உயர்த்தினால் எழுந்திருப்பேன்" என்றார். அந்தப் பெண் என்று அவர் சொன்னது அந்தச் சின்ன சேனலில் வானிலை வாசிப்பவரை.

தமிழில் நமக்கும் இரண்டுக்கும் 'எச்சரிக்கை'தான். நிறம் சொல்லித்தான் பிரித்துக்கொள்கிறோம்.

6 ஏப்ரல் 2024
கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, 'நீங்கள் சொல்கிற மாதிரி ஊரில் ஆள் வைத்து நடத்தும் நிலையத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா' என்றார். பார்த்திருக்கிறேன்.

நாலைந்து வருடத்துக்கு முன்னால், நண்பர் ஒருவர் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கப் போனபோது கூடப் போனேன். ஊர் பெயர் வேண்டாம், டெக்சாஸில்தான். ஒரு கடைவரிசையில் டயர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இரண்டு அறை. ஒரு சுவர் முழுக்கப் பச்சை பெயின்ட், ஓரத்தில் கன்னி மரியாள் படம், கீழே மெழுகுவர்த்தி. சன்னலைப் பழைய கம்பளியால் அடைத்திருந்தார்கள், டயர் கடைச் சத்தம் உள்ளே வராமல் இருக்க. டிரான்ஸ்மிட்டர் அங்கே இல்லை, ஏழெட்டு மைல் தள்ளி வாடகை டவரில்.

செய்தி வாசித்த பெண்தான் கேமராவையும் சரி செய்தார். வாசித்து முடித்ததும் மேசைக்கு வந்து அவரே வெட்டி ஒட்டினார், அவரே விளம்பரம் கேட்டுக் கடைகளுக்குப் போனும் போட்டார். அன்றைய செய்தி: பள்ளிப் பேருந்து நேரம் மாறுகிறது, இலவசத் தடுப்பூசி முகாம், தாழ்வான சாலைக் கடவுகளில் எவை மூடப்பட்டிருக்கின்றன. மழை பெய்தால் இந்தப் பக்கத்தில் ஓடை சாலைமேல் ஏறிவிடும், கார் அடித்துக்கொண்டு போகும். தேசியச் சேனலுக்கு அந்தக் கடவின் பெயர் தெரியாது. அந்தப் பெண் கடவின் பெயரோடு 'பழைய ரொட்டிக்கடைக்குப் பின்னால்' என்று அடையாளமும் சேர்த்தார். ரொட்டிக்கடை மூடி பத்து வருடம் ஆகிறதாம், ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்றார்.

எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த லைசென்ஸ் இருக்க வேண்டும்.

7 ஏப்ரல் 2024
ஏ வகுப்பு பற்றி எழுதுவதாகச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. 1999இல் வந்த சட்டம். தினம் 18 மணி நேரம் ஒளிபரப்பி, வாரத்துக்குச் சராசரியாக 3 மணி நேரமாவது தன் பகுதியிலேயே தயாரித்த நிகழ்ச்சி விட்டால், இரண்டாம் நிலையிலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு வரலாம். விண்ணப்பிக்கும் வாசல் சீக்கிரமே மூடிவிட்டது. 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் மறுபடி ஒரு வருடத்துக்குத் திறந்தது, ஆனால் 95,000 டிவி வீடுகளுக்கு மேல் இல்லாத சந்தைகளுக்கு மட்டும். சான் அன்டோனியோ அதைவிடப் பல மடங்கு பெரியது. எங்கள் நிலையங்களுக்கு அந்த வாசல் இல்லை. வாரம் மூன்று மணி நேர உள்ளூர் நிகழ்ச்சி என்பது நல்ல அளவுகோல். அதை எட்டுகிறவர்களுக்கு ஊர் அளவு பார்க்காமல் கொடுத்திருக்கலாம்.

அட்லாண்டாவில் ஏ வகுப்பு நிலையம் ஒன்று உண்டு, டபிள்யூ.கே.டி.பி. டெலமுண்டோ என்ற தேசிய ஸ்பானிஷ் டிவி வலையமைப்பின் நிகழ்ச்சிகள். லைசென்ஸ் வைத்திருந்தது ஒரு கொரிய அமெரிக்க நிறுவனம். 2022இல் கிரே என்ற பெரிய கம்பெனி வாங்கியது. குறைசக்தி வாசலில் யார் யார் தோளோடு தோள் நின்றிருக்கிறார்கள் பாருங்கள்.

7 ஏப்ரல் 2024, இரவு
கேபிள்காரர்கள் இந்த நிலையங்களைத் தங்கள் வரிசையில் சேர்த்தே ஆக வேண்டுமா என்று கேட்டவருக்கு 'இல்லவே இல்லை' என்று தனிச்செய்தியில் பதில் போட்டிருந்தேன். தவறு. சின்ன விதிவிலக்கு இருக்கிறது. பெருநகரப் பகுதிகளுக்கு வெளியே, 35,000 பேருக்கு மேல் இல்லாத ஊர், அந்தக் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) முழு நிலையம் இல்லை, இப்படிச் சில நிபந்தனைகள் சேர்ந்து வந்தால் கட்டாயம் உண்டு. நகரத்தில் கிடையாது. அதனால்தான் ஆன்டெனா.

20 ஏப்ரல் 2024
காரில் போகும்போது எஃப்.எம். முள்ளை இடது கோடிக்குத் தள்ளினால் 87.7இல் சில நகரங்களில் ஸ்பானிஷ் பாட்டு வரும். அது வானொலி இல்லை, டிவி! ஆறாம் சேனலின் ஒலிப்பகுதி 87.75 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் எஃப்.எம். பெட்டியில் கேட்கும். படத்துக்கு ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு ஒலியை வானொலியாக நடத்தினார்கள் சில குறைசக்திக்காரர்கள். அனலாக் முடிந்ததும் இது போய்விடும் என்றிருந்தோம். 2023 ஜூலையில் எஃப்.சி.சி. மிச்சமிருந்த 14 நிலையங்கள் தொடரலாம் என்று விட்டுவிட்டது. இந்த நிலையங்களை நடத்துபவர்கள் கிடைத்த இடுக்கிலெல்லாம் வேர் விடுவார்கள், அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்.

27 ஏப்ரல் 2024
இன்று காலை சென்யோரா வந்தார். சேனல் வரவில்லை, மூன்று நாளாக. முகம் வாடியிருந்தது. மூடிவிட்டார்களோ என்று எனக்கும் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

கீழே போனேன். மற்ற சேனல்கள் வந்தன, இது மட்டும் இல்லை. அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாக, பேய் மாதிரி இரட்டை உருவமாக, ஆனால் வரும். டிஜிட்டலில் கொஞ்சம் கட்டம் கட்டமாக உடையும், அதற்கும் கீழே போனால் ஒன்றுமே இல்லை. குறைசக்தி நிலையத்துக்கு அந்த விளிம்பு எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு அடி தள்ளி வைத்தால் வரும், தள்ளாவிட்டால் வராது.

விஷயம் இதுதான்: மருமகள் வந்து சன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறாள், வெயில் தாங்க உள்பக்கம் வெள்ளித்தாள் பூசிய திரை. ஆன்டெனா திரைக்கு உள்பக்கம் சிக்கிக்கொண்டது, அதற்கு முன்னால் தகரம் வைத்த மாதிரி. ஆன்டெனாவைப் பிரித்துக் கண்ணாடியின் மேல் மூலையில், திரைக்கு வெளிப்பக்கம் ஒட்டினேன். டவர் இருக்கும் திசைக்கு முகம் திருப்பி, டிவியில் சேனல் தேடலை முதலிலிருந்து ஓட விட்டேன். இரண்டு நிமிடம். வந்தது.

அந்தப் பெண் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார். சென்யோரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார். சோளமாவு தமாலே கொடுத்தார். நாளைக்கு மழையாம்.